கடிக்காத லேத்

தேவாலா
12.6.2023

வீரையாவுக்கு, கருப்பம்மாள் எழுதுவது.

அன்புள்ள என்று போடவில்லை. தேடாதே. மாரியம்மன் கோயில் வாசலில் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, இனி உன்னோடு வாயெடுத்துப் பேச மாட்டேன் என்று சத்தியம் பண்ணினவள் நான். இருபத்திரண்டு வருசம் காப்பாற்றிவிட்டேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் போன் இல்லாமல் இந்தக் காகிதம். மூணாங்கிளாஸ் எழுத்து, பொறுத்துப் படி.

விசயம் இதுதான். பாலன் வேலை பார்த்த தேயிலை பாக்டரியைக் கார்த்திகையில் மூடிவிட்டார்கள். மிஷின் பழுது பார்க்கிற பிட்டர் வேலை, உனக்குத் தெரியும். ஏழு மாசமாக வீட்டில் உட்கார்ந்திருந்தான். இப்போது பாக்டரியில் கொடுத்த பணத்தில் வீட்டிலேயே இரும்பு கடைகிற லேத் போடப் போகிறேன் என்கிறான். இங்கே காப்பிப் பழம் தோலுரிக்கிற பல்ப்பரில் புஷ் வளையம் தேய்ந்தாலும், கொழுந்து வெட்டுகிற மிஷினில் ஒரு ஊசி உடைந்தாலும் கூடலூருக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. மசினகுடி ஜீப்காரர்கள் வரைக்கும் வருவார்கள் அம்மா என்கிறான். லேத் இல்லை என்றால் திருப்பூருக்குப் போய்விடுவானாம். அவன் போனால் பெண்டாட்டி சசிகலாவும் பிள்ளைகளும் போவார்கள். பிறகு இந்த மழையில் நானும் இந்த ஓடும்தான் மிச்சம்.

நான் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சரி என்றும் வாய் வரவில்லை. லேத் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு 2001 ஜனவரி ஒன்பது, மார்கழி இருபத்தஞ்சு, செவ்வாய்க்கிழமைதான். பொங்கலுக்கு இன்னும் அஞ்சு நாள் இருந்தது. அதற்கு முந்தின ஆடியில்தான் லேத் கற்றுக்கொடுக்கிறேன் என்று பதினேழு வயசுப் பாலனைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். நெஞ்சுச்சளிக்காரப் பிள்ளை என்று சிலோன் கம்பளியை நூலாகப் பிரித்து, வளர்கிற பிள்ளை என்று கையை நாலு விரல் நீளமாகவே விட்டு ஸ்வெட்டர் பின்னிப் போட்டு அனுப்பினேன். நீ திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது வலது கையில் இரண்டு விரல் இல்லை. ஸ்வெட்டரில் ஒரு கை இல்லை. முழுசாக அனுப்பினதை எல்லாம் குறைத்துக் கொண்டுவந்தவன் நீ.

ஆனால் லேத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆள் நீ ஒருத்தன்தான். நாற்பது வருசம் அதன் முன்னால் நின்றவன். பாலன் உன்னைக் கேட்க மாட்டான், எனக்குப் பயந்து. அதனால் நான் கேட்கிறேன். எந்த லேத் கடிக்காது? கூடலூரில் ஒன்று விலைக்கு இருக்கிறது, ஆறடி. அதை வாங்கலாமா, கூடாதா? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு குசலம் வேண்டாம்.

கருப்பம்மாள்


கணபதி, கோயமுத்தூர்
21.6.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. குசலம் வேண்டாம் என்றீர்கள், விட்டுவிடுகிறேன். என் வீட்டுக்காரி தெய்வம்மா போன வருசம் இறந்துவிட்டாள். இது குசலம் இல்லை, தகவல்.

கடிக்காத லேத் என்று ஒன்று கிடையாது அக்கா. மெதுவாகக் கடிக்கிறது, வேகமாகக் கடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நிறுத்தச் சொன்னால் உடனே நிற்கிற லேத் உண்டு. அதைத்தான் தேட வேண்டும்.

ஆறடி வேண்டாம். அவன் கடையப் போகிற புஷ்ஷுக்கும் பின்னுக்கும் மூணடி போதும். பெரிய லேத்துக்கு மூணு பேஸ் கரண்ட் கேட்கும், உங்கள் வீட்டில் ஒரு பேஸ்தான் இருக்கும். ஆறடி லேத் ஒரு டன்னுக்கு மேலே எடை. ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை படி என்பது எனக்கு ஞாபகம் இல்லை, நிறைய என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவன் ஆசைப்பட்டுவிட்டதால் கூடலூர் லேத்தைப் போய்ப் பார்க்கட்டும். பெயிண்டைப் பார்க்க வேண்டாம், பெயிண்ட் நேற்று அடித்ததாக இருக்கும். லேத்துக்கு நீளமான இரும்பு மேடை இருக்கும், பெட் என்பார்கள். சாமானைக் கவ்விச் சுற்றுகிற சக்குக்குப் பக்கத்தில் அந்தப் பெட் மேல் நகத்தை வைத்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். அதிகம் ஓடிய லேத்தில் அந்த இடம்தான் தேயும். நகம் ஒரு திட்டில் தட்டினால் திரும்பி வந்துவிடலாம், அதில் கடைகிறது எதுவும் நேராக இருக்காது. பிறகு ஓடவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். சக் எத்தனை எண்ணுகிறவரைக்கும் சுற்றுகிறது என்று எண்ணுங்கள்.

வீரையா


தேவாலா
3.7.2023

வீரையாவுக்கு,

என்ன இது, வரிக்கு வரி நீங்கள் போட்டிருக்கிறாய்? நான் என்ன தாசில்தாரா? சிலோனை விட்டு வந்து இறங்கியபோது மண்டபம் கேம்ப் சோற்று வரிசையில் உன் தட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றவள். சண்டை சண்டைதான், அதற்காக மரியாதை கொடுத்துத் தள்ளி வைக்காதே.

தெய்வம்மாவுக்கு ஒரு வரி போட்டிருக்கலாம். பேசாத வீடு என்றாலும் சாவுக்குப் போவார்கள். நான் வந்திருப்பேன், பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்திருப்பேன். இதையும் உன் பேரில் சேர்த்து வைக்கிறேன். பாலன் கல்யாணத்துக்கு நீ வராததுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பத்திரிகை அனுப்பவில்லை என்பாய். தாய்மாமனுக்குப் பத்திரிகை எதற்கு?

லேத் பார்க்க நானும் போனேன். பாலன் வேண்டாம் என்றான், கேட்கவில்லை. பஸ்ஸில் நாடுகாணி தாண்டுகிற வரைக்கும் மழைதான். லேத்துக்காரர் பேர் பாண்டியன். கடையை மூடிவிட்டு மகனோடு ஓசூர் போகிறாராம். பச்சைப் பெயிண்ட் அடித்துக் கல்யாணப் பொண்ணு மாதிரி நிறுத்தியிருந்தார். பாலன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயசில் திருவிழாக் கடை முன்னால் நிற்பானே, அந்த முகம்.

நான் குனிந்து நகத்தை வைத்து இழுத்தேன். பாண்டியன் சிரித்துவிட்டார்.

"என்னங்க ஆத்தா, கொழுந்து கிள்ளிப் பாக்கறீங்களா?"

"ஆமா தம்பி. எது முத்தல், எது கொழுந்துன்னு நாப்பது வருசம் இந்த விரல்தான் சொல்லுச்சு."

"இது இரும்புங்க."

"இரும்பும் தேயுமாம். கோயமுத்தூர்ல சொன்னாங்க."

கோயமுத்தூரில் யார் சொன்னது என்று பாலன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொல்லவில்லை. சக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நகம் தட்டியது. லேசாகத்தான், வாசல்படியில் கால் இடறுகிற மாதிரி. இரண்டாம் தடவையும் இழுத்தேன், அதே இடம். பாலனையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அவன் மிச்சமிருக்கிற விரலால் இழுத்தான். முகம் விழுந்துவிட்டது. ஓடவிட்டு நிறுத்தச் சொன்னேன். பதினேழு எண்ணுகிற வரைக்கும் சுற்றியது.

"ஆத்தாளைக் கூட்டிக்கிட்டு வந்தா யாவாரம் ஆகாதுங்க," என்று பாண்டியன் பாலனிடம் சொன்னார். கோபமில்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

 நேற்று பாலன் பையை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறான். திருப்பூர்ப் பை. சீக்கிரம் ஒன்று பார்த்துச் சொல். ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பத்தோரு படி. நீ எண்ணாமலே ஏறிப் போனாய், நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

கருப்பம்மாள்


கணபதி
15.7.2023

அன்புள்ள அக்காவுக்கு,

பதினேழு என்று எண்ணினாயே, அதுவே போதும். நீ பார்த்தது சரி.

இங்கே ஒன்று கிடைத்திருக்கிறது. மூணடி. மூடிப்போன தொழில் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தது. பையன்கள் சுற்றி நின்று பார்த்ததுதான் அதிகம், ஓட்டியது குறைவு. பெட்டில் நகம் வழுக்கிக்கொண்டு போகிறது. அரை அடிக் கம்பி ஒன்றைக் கடைந்து இரண்டு முனையையும் அளந்தேன், தலைமயிர் கனம்கூட வித்தியாசமில்லை. அழகாக இல்லை, துருப்பிடித்த சாம்பல் நிறம். பாலனுக்குப் பார்த்ததும் பிடிக்காது. காலால் மிதிக்கிற பிரேக் வைத்துத் தருகிறேன். இரண்டு கையும் வேறு எங்கே மாட்டியிருந்தாலும் கால் இருக்குமல்லவா? மிதித்தால் இரண்டு எண்ணுவதற்குள் நிற்கும். மோட்டாரையும் உங்கள் கரண்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றுகிறேன்.

நாற்பத்தோரு படிக்கு ஒரு வழி சொல்கிறேன். லேத்தை மொத்தமாக இறக்க வேண்டாம். தலை, வால், நடுவில் நகர்கிற பாகம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி அனுப்புகிறேன். பெட்டை மட்டும் கம்பு கட்டி எட்டுப் பேர் தூக்கலாம். தரையில் முழங்கால் ஆழம் கான்கிரீட் போட்டு, இருபது நாள் காயவிடு. உங்கள் மழைக்கு தினமும் சாயங்காலம் பெட்டில் எண்ணெய் தடவ வேண்டும், ஒரு நாள் விட்டாலும் துரு ஏறும்.

அந்த ரூமுக்குள் சேலைத் தலைப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு யாரும் போகக் கூடாது. கழுத்துத் துண்டு, மப்ளர், கையுறை எதுவும் கூடாது. ஸ்வெட்டர் கூடவே கூடாது. எவ்வளவு குளிர் என்றாலும், யார் சொன்னாலும் கூடாது. இந்த வரியை இரண்டு தடவை படி.

வீரையா


தேவாலா
22.7.2023

வீரையா,

இரண்டு தடவை இல்லை, பத்துத் தடவை படித்துவிட்டேன். மற்ற வரியெல்லாம் உன் எழுத்து ஓடுகிறது. ஸ்வெட்டர் என்று எழுதிய இடத்தில் மட்டும் பேனா அழுத்தி, காகிதத்துக்குப் பின்பக்கம் தடவினால் தெரிகிறது.

யார் சொன்னாலும் என்று எழுதியிருக்கிறாய். யார் சொன்னது?

நீ கொண்டுவந்து கொடுத்த பை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரெக்சின் பை, ஜிப் கிடையாது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு லுங்கி, விபூதிப் பொட்டலம், அந்த ஸ்வெட்டர். வலது கை இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதற்கு வெட்டியிருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். நீ அப்படிச் சொன்னாயா என்று இப்போது யோசிக்கிறேன். நீ சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாய்.

பெட்டியிலிருந்து அதை இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். கத்திரிக்கோல் போட்ட மாதிரி இல்லை. கத்திரி போட்டால் நூல் ஒரே வரியாக நிற்கும். இது தோளிலிருந்து பிய்ந்து, நூல் நூலாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பின்னினவளுக்குத் தெரியும். இத்தனை வருசம் விரித்துப் பார்க்காமல் விட்டது என் தப்பு. பார்த்தால் அழுகை வருமென்று பார்க்கவில்லை.

பாலனைக் கேட்டேன். மழைச்சாரல் அடிக்கிறதென்று சொல்லி ஜன்னலைச் சாத்தப் போய்விட்டான்.

லேத்தை அனுப்புவதற்கு முன்னால் இதை எழுது. சுருக்கமாக எழுதாதே.

கருப்பம்மாள்


கணபதி
30.7.2023

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று காகிதம் எழுதிக் கிழித்தேன். நாலாவது இது.

அவன் இங்கே வருவதற்கு முன்னால் நீ அவன் கையை எடுத்து உன் தலையில் வைத்து சத்தியம் வாங்கினாய். மார்கழி முடிகிற வரைக்கும் வெயில் ஏறாமல் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று. கோயமுத்தூர் குளிர் ஒரு குளிரே இல்லை. ஆனால் தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் பட்டறைக்கு வருவான். மற்றப் பையன்கள் "ஊட்டி வந்துட்டாண்டா" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவன் கழற்றவில்லை. அம்மா தலை என்பான்.

அன்றைக்கு ஏழரை மணி இருக்கும். ஓடுகிற கம்பியில் உப்புத்தாள் வைத்து மெருகு ஏற்றிக்கொண்டிருந்தான். நான் "அதக் கழட்டிட்டு நில்லுடா" என்றேன். "எட்டு மணிக்குக் கழட்டிர்றேன் மாமா, வெயில் வரட்டும்" என்றான். நான் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். லேத்தை நிறுத்திவிட்டுப் போயிருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்து நானே கழற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை. கை நீளம் தொங்கிய இடத்தில் ஒரு நூல் கம்பியில் சுற்றியிருக்கிறது. கம்பளி நூல் அறாது அக்கா. பஞ்சு நூல் என்றால் அறுந்திருக்கும். கையை இழுத்துக்கொண்டு போயிற்று. ஸ்வெட்டர் தோளில் பிய்ந்ததால்தான் கை மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஸ்வெட்டர்னு அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க மாமா. அது தாங்காது." சரி என்றேன். அதனால்தான் கோயில் வாசலில் நீ கேட்டபோது வாய் திறக்கவில்லை. நீ சூடத்தை அணைத்தபோது அவன் உன் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், சொல்லிவிடுவேனோ என்று.

இப்போது சொல்லாமல் இருந்தால் முடியாது. லேத் உன் வீட்டுக்குள் வரப் போகிறது. நாளைக்கே காலையில் அவன் இருமினால் நீ எதை எடுத்துக்கொண்டு அந்த ரூமுக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும்.

நீ என்னைத் திட்டியது முழுக்கப் பொய்யில்லை. டீ குடிக்கப் போனது நான்தான். அதை நான் எடுத்துக்கொள்கிறேன். மிச்சத்தை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

வீரையா


கணபதி
27.8.2023

அக்காவுக்கு,

பதில் இல்லை. லேத் தயாராக இருக்கிறது. வரும் சனிக்கிழமை லாரியில் ஏற்றுகிறேன். நான் வரவில்லை, கழற்றியதை மாட்டுவதற்குத் தெரிந்த ஆள் ஒருவனை அனுப்புகிறேன். லேத் வேண்டாம் என்று இருந்தால் பாலனைப் போனில் சொல்லச் சொல். ஒன்றும் சொல்லாவிட்டால் ஏற்றிவிடுவேன்.

வீரையா


தேவாலா
8.10.2023

தம்பிக்கு,

கை ஓடவில்லை, அதனால் எழுதவில்லை. ஆடி போய் ஆவணி போய் இப்போதுதான் பேனாவை எடுத்தேன்.

லேத் வந்துவிட்டது. எட்டுப் பேர் தூக்கலாம் என்று எழுதினாய், பத்துப் பேர் ஆயிற்று. பதினெட்டாம் படியில் ஒருத்தன் வழுக்கினான், பிடித்துக்கொண்டார்கள். நீ அனுப்பிய ஆள் நல்லவன், குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். லேத் சாம்பல் நிறமாகத்தான் இருக்கிறது. பாலன் முதல் நாள் முகத்தைச் சுளித்தான். இரண்டாம் நாள் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தான். மூன்றாம் நாளிலிருந்து ரூமை விட்டு வெளியே வருவதில்லை. பந்தலூரிலிருந்து காப்பி பல்ப்பருக்கு ஒரு புஷ் கடையச் சொல்லி வந்தார்கள், அதுதான் முதல் வேலை. திருப்பூர்ப் பையில் சசிகலா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

பிரேக்கை நானே மிதித்துப் பார்த்தேன். இரண்டு எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் அவனைத் தொட விட்டேன்.

உன் காகிதம் வந்த அன்றைக்கு அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். படித்துவிட்டு, "மாமா பேச்சுத் தவறிட்டாரு" என்றான். அவ்வளவுதான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த மூணு விரலால் பிடிக்கிற பிடி எனக்கு இருபத்திரண்டு வருசமாகத் தெரியும். அன்றைக்குத்தான் வலித்தது.

நான் எதையும் மறந்ததில்லை. யார் எந்தக் கிழமை என்ன சொன்னார்கள் என்று எல்லாம் சொல்வேன். அவன் என் தலையில் கை வைத்து சத்தியம் பண்ணியதும் ஞாபகம் இருக்கிறது, ஆடி பதினெட்டு, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு நாளும் அந்த மார்கழியோடு சேர்த்து நினைக்கவில்லை. எல்லாவற்றையும் உன் பேரில் போட்டு வைத்தேன், நீயும் வாங்கி வைத்துக்கொண்டாய். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றியதற்கு இன்னும் கோபம்தான். அது தனி. குறையாது.

ரூம் கதவுக்கு வெளியே ஒரு பெரிய ஆணி அடித்திருக்கிறேன். எஸ்டேட் ஆளாக இருந்தாலும் ஜீப்காரராக இருந்தாலும் ஸ்வெட்டரை, மப்ளரைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குளிருது ஆத்தா என்கிறார்கள். குளிரட்டும் என்கிறேன். அந்த ஆணியில் முதலில் மாட்டியது அந்த ஒத்தைக் கை ஸ்வெட்டரைத்தான். யாராவது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் பாலன் பேச்சை மாற்றுகிறான். நான் மாற்றுவதில்லை. இது நான் பின்னியது, நான்தான் கழற்றக் கூடாது என்று சொன்னேன் என்கிறேன். தினமும் ஒருத்தராவது கேட்கிறார்கள். தினமும் சொல்கிறேன்.

இருபத்திமூணாம் தேதி திங்கட்கிழமை ஆயுத பூசை. லேத்துக்கு முதல் சூடம் தாய்மாமன் கையால்தான் ஏற்ற வேண்டும் என்று பாலன் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. படியை மெதுவாக இறங்கு, பாசி பிடித்திருக்கிறது. வரும்போது போன் பண்ண வேண்டாம், நான் எடுக்க மாட்டேன். வந்ததும் பேசுவேன் என்றும் எதிர்பார்க்காதே. சசிகலாவிடம் சொல்லித்தான் உனக்கு டீ கொடுப்பேன்.

சூடம் வாங்கி வைத்திருக்கிறேன், பெரிய கட்டி. நீ ஏற்று. இந்தத் தடவை நான் கையை வைக்க மாட்டேன். அது தானாக எரிந்து முடியட்டும். முடிந்த பிறகு என்ன பேசுகிறேன் என்று பார்.

அக்கா
கருப்பம்மாள்